ஆர்டிஐ ஆன்லைன்: கேள்வி கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள்

ஒன்றிய அரசின் அமைச்சகங்களுக்கும் துறைகளுக்கும் தகவல் உரிமை மனுவை இணையத்தில் அனுப்ப உதவும் ஆர்டிஐ ஆன்லைன் தளம் 2013 முதல் இயங்குகிறது. நடத்துவது பணியாளர் மற்றும் பயிற்சித் துறை. மனுக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அதற்கான சான்றிதழை இணைத்தால் அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. தளத்தின் தோற்றம் பழைய அரசுத் தளங்களுக்கே உரிய தோற்றம்தான். அதைப் பற்றிப் புலம்புவதில் பயனில்லை. பார்க்க வேண்டியது வேறு. பணம் கட்டி மனுவை அனுப்பிய பிறகு அலுவலகம் வாய் திறக்கிறதா? திறக்காவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சுகிறது?

தளம் ஒரு ஜன்னல்தான். அதற்குப் பின்னால் நிற்பது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கும் பின்னால் அரசமைப்புச் சட்டத்தில் பேச்சுரிமை தரும் 19(1)(ஏ) உறுப்பு நிற்கிறது. அரசு ஊழியர்கள் பொதுவெளியில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு 1997இல் தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டமே போட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வரி வாங்கினால் 265ஆவது உறுப்பு, சொத்தைப் பறித்தால் 300ஏ என்று எந்த இடத்திலும் அரசமைப்புச் சட்டம் அரசைக் கேட்பது ஒன்றைத்தான்: 'எந்தச் சட்டத்தின் அதிகாரத்தில் செய்கிறாய்?' அந்த அதிகாரம் ஏதோ ஒரு கோப்பில், ஏதோ ஒரு தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாளை நம் கைக்குக் கொண்டுவருவதுதான் இந்தப் பத்து ரூபாய்ச் சேவை.

மனு போடும் முறை

கணக்குத் தொடங்காமலேயே மனு போடலாம். வழிகாட்டுதல் பக்கத்தைப் படித்ததாக ஒரு பெட்டியில் டிக் போட்டதும் படிவம் வரும். அமைச்சகம், அதன்கீழ் பொது அதிகார அமைப்பு, மனுதாரர் பெயர், முகவரி, மின்னஞ்சல், கைபேசி எண், பிறகு மனுவின் வாசகம். நெட் பேங்கிங், கார்டு, யுபிஐ எதிலும் பணம் கட்டலாம். கட்டியதும் ஒரு பதிவு எண் வரும். அதில் சாய்கோடுகளுக்கு நடுவே 'ஆர்' என்று இருந்தால் மனு, 'ஏ' என்று இருந்தால் மேல்முறையீடு. அடுத்து வரும் 'இ' இணையவழி வந்தது என்பதற்கு அடையாளம். இந்த எண்ணும் கொடுத்த மின்னஞ்சலும் இருந்தால்தான் பிறகு நிலவரம் பார்க்கவும் மேல்முறையீடு செய்யவும் முடியும். மின்னஞ்சலில் ஒரு எழுத்து தவறினாலும் அலைச்சல்தான்.

முதல் பள்ளம் அமைச்சகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. இது ஒன்றிய அரசுக்கான தளம். வட்டாட்சியர் அலுவலகம், மாநகராட்சி, மாநிலக் காவல்துறை ஆகியவற்றுக்கான மனுவை இங்கே போட்டால் திருப்பி அனுப்பப்படும், பத்து ரூபாய் திரும்பாது. இதைத் தளமே வழிகாட்டுதலில் சொல்கிறது, யாரும் படிப்பதில்லை. தமிழ்நாட்டு அரசுக்குத் தனித் தளம் இருக்கிறது. காகிதத்தில் அனுப்புவதானால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். உச்ச நீதிமன்றத்துக்கும் தனித் தளம் உண்டு. உயர் நீதிமன்றங்களுக்கு அவரவர் விதிகள்.

ஒன்றிய அரசுக்குள்ளேயே துறை மாறிப் போனால் அவ்வளவு கவலை வேண்டாம். 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் சரியான அமைப்புக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும். ஆனால் பதில் தருவதற்கான 30 நாள் கெடு புதிய அமைப்பின் கையில் மனு சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும். தவிர, மனு இரண்டு மூன்று அலுவலகங்களைத் தொட்டால் தளம் அதைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்துவிடும். அத்தனை எண்களையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'மனு முடிந்துவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறவர்கள் பலர். தளத்தில் சேராத அலுவலகத்துக்கு மனு காகிதமாக மாற்றப்பட்டால் அதற்குப் பிறகு எல்லாம் தபால்தான்.

பணம் கழிந்து பதிவு எண் வராமல் போவது அடிக்கடி நடக்கும் கோளாறு. உடனே மறுபடி கட்டக் கூடாது. வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்து எண் உருவாக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். பொறுத்தால் எண் வந்துவிடும். அவசரப்பட்டால் இரண்டு மனுவும் இருபது ரூபாயும்.

பெயர் எழுதும் இடத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 3ஆம் பிரிவு இந்த உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. 'தலைவர், இன்ன சங்கம்' என்று போட்டால் மனு போடுவது சங்கம், குடிமகன் அல்ல என்று தட்டிக்கழிக்க ஒரு வழி திறந்துவிடும். சொந்தப் பெயரில் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. ஏன் கேட்கிறோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டாம்; 6(2) பிரிவு அதைக் கேட்கவே கூடாது என்கிறது. வீட்டு முகவரி தரத் தயங்குகிறவர்களுக்கு: அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதும், விரிவான முகவரி வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது.

தமிழுக்கு இடமில்லாத பெட்டி

இந்தச் சேவையின் ஆகப்பெரிய குறை மனு எழுதும் பெட்டி. 3000 எழுத்துகள் கொள்ளும். ஆங்கில எழுத்துகள், எண்கள், காற்புள்ளி, முற்றுப்புள்ளி, சாய்கோடு போன்ற சில குறிகள், அவ்வளவுதான் ஏற்கும். இந்தியில் எழுதத் தளத்தின் இந்திப் பதிப்பு இருக்கிறது. தமிழ்? சட்டத்தின் 6(1) பிரிவோ ஆங்கிலம், இந்தி, அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழி என மூன்றையும் சமமாக வைக்கிறது. சட்டம் திறந்துவிட்ட கதவைப் படிவம் சாத்தி வைத்திருக்கிறது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

சுற்றிப் போக வழி உண்டு. தமிழ் மனுவைத் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிட்டு, பெட்டிக்குள் 'விவரம் இணைப்பில் காண்க' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போடலாம். இணைப்பு பிடிஎஃப்பாக மட்டும் இருக்க வேண்டும். அளவு 1 எம்பிக்குள். கோப்பின் பெயரில் இடைவெளி வேண்டாம். கைபேசியில் எடுத்த படத்தைப் பிடிஎஃப் ஆக்கினால் அளவு எளிதில் 1 எம்பியைத் தாண்டும். கறுப்பு வெள்ளையில், குறைந்த தெளிவில் ஸ்கேன் செய்தால் நாலைந்து பக்கம் தாராளமாக அடங்கும். எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய வகைத் தமிழ் எழுத்துருவில் அடித்து அனுப்பினால் டெல்லியில் திறப்பவர் கண்ணுக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும் இந்தப் பெட்டி ஒரு பாடம் நடத்தும். வேர்டில் எழுதி ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறியும் ரூபாய்ச் சின்னமும் கூடவே வரும். படிவம் பிழை காட்டும், எந்த எழுத்து பிழை என்று காட்டாது. நோட்பேடில் ஒருமுறை ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் போட்டால் பாதித் தொல்லை தீரும். 2012 விதிகளின்படி மனு சாதாரணமாக 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும். மீறியதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

ஒரு மனுவைப் பிரித்துப் பார்த்தால்

மனு தோற்கும் இடம் பெரும்பாலும் வாசகம்தான். ஒரு தேசிய நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டருக்குள் இரண்டு சுங்கச்சாவடிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படும் மனு இப்படி இருக்கும்: 'இவ்வளவு பக்கத்தில் ஏன் இரண்டு சாவடி வைத்தீர்கள்? இது சட்டவிரோதம் இல்லையா? இதற்கு யார் பொறுப்பு?'

வரப்போகும் பதிலை முன்கூட்டியே எழுதிவிடலாம்: 'கோரியது 2(எஃப்) பிரிவின்கீழ் தகவல் என்ற வரையறைக்குள் வராது.' ஆத்திரம் வந்தாலும் இந்தப் பதிலில் சட்டப்படி பிழையில்லை. பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பதைத்தான் தர வேண்டும். புதிதாக விளக்கமோ கருத்தோ உருவாக்கித் தரும் கடமை இல்லை என்று சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 'ஏன்' என்று தொடங்கும் வரி ஒன்றே மனுவைக் கொல்லப் போதும்.

இப்போது அதே விஷயத்தைக் காகிதமாகக் கேட்போம். 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 8ஆம் விதி, ஒரே சாலைப் பகுதியில் ஒரே திசையில் 60 கிலோமீட்டருக்குள் இன்னொரு சாவடி அமைக்கக் கூடாது என்கிறது. அமைக்க வேண்டியிருந்தால் காரணங்களை எழுத்தில் பதிவு செய்துவிட்டு அமைக்கலாம் என்கிறது. மனு இப்படிப் போகலாம்:

'(1) இன்ன நெடுஞ்சாலையில் இன்ன கிலோமீட்டரில் உள்ள சாவடியில் கட்டணம் வசூலிக்க வெளியிடப்பட்ட அரசிதழ் அறிவிக்கையின் சான்றொப்பமிட்ட நகல். (2) 2008 விதிகளின் 8ஆம் விதியின்படி, 60 கிலோமீட்டருக்குள் இந்தச் சாவடியை அனுமதிக்க எழுத்தில் பதிவு செய்யப்பட்ட காரணங்கள் அடங்கிய கோப்புப் பக்கங்களின் நகல், கோப்புக் குறிப்புகளுடன். (3) அத்தகைய பதிவு இல்லையெனில், பதிவேடுகளில் இல்லை என்ற விவரம். (4) மேற்படி கோப்பை 2(ஜே) பிரிவின்கீழ் நேரில் பார்வையிட அனுமதி.'

இதில் ஒரு கேள்விக்குறியும் இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு தாளைக் கேட்கிறது. மூன்றாவது வரிதான் இதில் கனமானது. எழுத்தில் காரணம் பதிந்தால் மட்டுமே செய்யலாம் என்று விதி சொல்லும் இடத்தில், அப்படிப் பதிவே இல்லை என்று அரசே எழுதிக் கொடுத்தால், அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு அதைவிட நல்ல இணைப்பு கிடைக்காது. பதிவு இருந்தாலும் லாபமே. ஓர் ஆணையை, அது போடப்பட்டபோது சொன்ன காரணங்களைக் கொண்டுதான் எடைபோட வேண்டும், பின்னால் நீதிமன்றத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து ஒட்டுப்போட முடியாது என்பது மொகிந்தர் சிங் கில் வழக்கின் தீர்ப்பு (1977). கோப்பின் நகல் முதலிலேயே நம் கையில் இருந்தால் அந்த ஒட்டுவேலைக்கு இடமில்லாமல் போகிறது.

பார்வையிடும் உரிமையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரியாமல் 'அனைத்து ஆவணங்களும்' என்று கேட்டால் ஒன்று பெரிய கட்டண ரசீது வரும், இல்லை 7(9) பிரிவைக் காட்டி, அளவுக்கு மீறி ஆள்பலம் செலவாகும் என்று சொல்வார்கள். நேரில் புரட்டிப் பார்த்து, வேண்டிய பக்கங்களை மட்டும் நகலெடுக்கச் சொன்னால் பக்கத்துக்கு 2 ரூபாயோடு முடியும்.

சுங்கச்சாவடியைத் தனியார் ஒப்பந்ததாரர் நடத்தினாலும் தயங்க வேண்டாம். ஒரு பொது அமைப்பு வேறொரு சட்டத்தின்கீழ் தனியாரிடமிருந்து கேட்டுப் பெறக்கூடிய தகவலும் 2(எஃப்) வரையறைக்குள் வருகிறது. மனுவை நெடுஞ்சாலை ஆணையத்துக்குப் போட்டால் போதும்.

சட்டம் நேரடியாகப் பேசும் இன்னொரு இடம் 4(1)(டி). நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணங்களைத் தர வேண்டும் என்பது அந்தப் பிரிவு. 'ஏன்' என்று கேட்கவே கூடாத இந்தச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் மட்டும் அதைக் கேட்கலாம். பாஸ்போர்ட் முடக்கப்பட்டவர், உதவித்தொகை நிறுத்தப்பட்டவர் போன்றோர் மனுவின் முதல் வரியிலேயே இந்தப் பிரிவு எண்ணைப் போட வேண்டும். பாஸ்போர்ட் விஷயத்தில் 1967 சட்டத்தின் 10(5) பிரிவே காரணங்களை எழுத்தில் பதியச் சொல்கிறது என்பதால் இரண்டையும் சேர்த்துக் காட்டலாம்.

பதிலில் வரும் மறுப்புகள்

30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரம். அப்படிப்பட்ட மனுவில், எந்த ஆபத்து, யாருக்கு என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். உள்ளே எங்கோ மூன்றாம் பத்தியில் புதைத்தால் சாதாரண மனுக்களோடுதான் சேரும். நகல் கட்டணம் கேட்டால், அவர்கள் கடிதம் அனுப்பிய நாளுக்கும் நாம் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாளில் சேராது. ஆகவே கட்டணக் கடிதத்தைக் கிடப்பில் போடுவது நமக்குத்தான் நஷ்டம். 30 நாள் தாண்டிவிட்டால் 7(6) பிரிவின்படி தகவலை இலவசமாகத் தர வேண்டும்; கெடு முடிந்த பிறகு கட்டணம் கேட்டு வரும் கடிதத்துக்கு இந்தப் பிரிவைச் சொல்லிப் பதில் எழுதலாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: காரணம், மேல்முறையீட்டுக் கெடு, மேல்முறையீட்டு அதிகாரியின் விவரம். 7(8) பிரிவு இவற்றைக் கட்டாயமாக்குகிறது. 'பிரிவு 8(1)(எச்), மறுக்கப்படுகிறது' என்று ஒற்றை வரியில் வருவது குறையுள்ள மறுப்பு. விசாரணையைத் தடுக்கக்கூடிய தகவலுக்கு விலக்குத் தருவது அந்தப் பிரிவு. விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, இந்தத் தகவலைக் கொடுத்தால் அந்த விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007இல் சொன்னது. மேல்முறையீட்டில் இதை அப்படியே எடுத்து எழுதலாம். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் சுமை அதிகாரியுடையது என்று 19(5) பிரிவும் சொல்கிறது.

இப்போதைக்குப் பெரிய தலைவலி 8(1)(ஜே), அதாவது தனிநபர் தகவல். முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே கடிவாளம் இருந்தது: பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாததாக இருந்தால்தான் மறுக்கலாம், பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கலாம், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இவ்வளவையும் வெட்டிவிட்டு, 'தனிநபர் தகவல்' என்ற இரண்டே சொல்லை விட்டுவைத்தது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு அதிகாரியின் பெயர் இருக்கிறது என்பதற்காகவே முழுக் கோப்பையும் மறுக்க இதைப் பயன்படுத்த முடியும். குடிமகனின் அந்தரங்கத்தைக் காக்கப் போட்ட சட்டம் அதிகாரியின் கோப்புக்குப் போர்வையாகிறது என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ள முடியாது.

மனு எழுதும்போதே இதற்கு முட்டுக்கொடுக்கலாம். ஆளின் பெயரைக் கேட்காமல் பதவியைக் கேளுங்கள். 'அந்த ஆணையைப் பிறப்பித்தவர் யார்' என்பதற்குப் பதில் 'ஆணையின் நகல், ஒப்புதல் அளித்த பதவிநிலைகள்' என்று எழுதினால் தனிநபர் தகவல் என்ற பேச்சு வலுவிழக்கும். கூடவே இரண்டு பிரிவுகளைச் சேர்த்துவிடுங்கள்: மறுக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்லும் 10ஆம் பிரிவு, தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் 8(2). இந்த 8(2)ஐத் திருத்தம் தொடவில்லை. வேறு ஒருவர் கொடுத்த தகவல் என்றால் 11ஆம் பிரிவின்கீழ் அவருக்கு நோட்டீஸ் போகும், கெடு 40 நாளாக நீளும். அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உளவுத்துறை, அமலாக்கத்துறை, சிபிஐ போன்றவை 24ஆம் பிரிவின்கீழ் விலக்குப் பெற்றவை. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. மனித உரிமை என்றால் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் கிடைக்க வேண்டும்.

கெடுக் கணக்கு

தளத்தில் ஆக நன்றாக வேலை செய்வது, அதே அமைப்பின் மேலதிகாரியிடம் போடும் முதல் மேல்முறையீடு. கட்டணம் இல்லை. பதிவு எண்ணைப் போட்டால் மனுவின் விவரம் தானாக வந்துவிடும். காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். பதில் வரவில்லை, தகவல் மறுக்கப்பட்டது, அரைகுறையான அல்லது தவறான பதில், அதிகக் கட்டணம் என்று தனித்தனியாக இருக்கும். தபாலில் அனுப்பினால் 'உங்கள் மனு வந்து சேரவே இல்லை' என்று சொல்ல முடியும். இங்கே அந்தச் சாக்கு எடுபடாது. பத்து ரூபாய்க்கு இந்தத் தேதி முத்திரை ஒன்றே போதும் என்று சொல்லலாம்.

நாள் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஜூன் 1 அன்று மனு சேர்ந்தால் ஜூலை 1 கெடு. பதில் இல்லையென்றால் 7(2) பிரிவின்படி அது மறுப்பாகவே கருதப்படும். அதிலிருந்து 30 நாள், அதாவது ஜூலை 31க்குள் முதல் மேல்முறையீடு. அதை ஜூலை 5 அன்று போட்டால் ஆகஸ்ட் 4க்குள் முடிவு வர வேண்டும். காரணம் எழுதி மொத்தம் 45 நாள் வரை நீட்டிக்கலாம். இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள். முடிவு வராத நிலையில் 30 நாள் கெடுவிலிருந்து எண்ணினால் நவம்பர் 2. பாதுகாப்பான தேதி அதுதான்; 45 நாள் கணக்கை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். 'இன்னொரு நினைவூட்டல் அனுப்பிப் பார்ப்போம்' என்று காத்திருப்பவர்கள்தான் கெடுவைத் தவறவிடுகிறார்கள். நினைவூட்டலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இரண்டாவது மேல்முறையீடு இந்தத் தளத்தில் கிடையாது. மத்தியத் தகவல் ஆணையத்தின் தளத்துக்குப் போக வேண்டும், அதற்கும் கட்டணமில்லை. மனு, பதில், முதல் மேல்முறையீடு, அதன் ஆணை, சார்ந்திருக்கும் பிற ஆவணங்கள், இவற்றுக்கு ஓர் அட்டவணை, எல்லாம் நம்முடைய சொந்தக் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். அட்டவணை இல்லாததற்கே திரும்பி வரலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பிடிஎஃப்பாகச் சேமித்து வைத்தவர்களுக்கு இது அரைமணி நேர வேலை.

இங்கே 18ஆம் பிரிவையும் 19ஆம் பிரிவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 18இன்கீழ் புகார் கொடுத்தால் அதிகாரிக்கு அபராதம் விழலாம். தகவலைக் கொடு என்று அந்தப் புகாரில் ஆணையம் உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியது. தகவல் வேண்டுமென்றால் 19இன்கீழ் மேல்முறையீடு. அபராதம் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. அது அதிகாரியின் சம்பளத்திலிருந்து அரசுக்குப் போகும், மனுதாரருக்கு வராது. மனுதாரருக்கு நஷ்டம் ஏற்பட்டிருந்தால் 19(8)(பி) பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கலாம். கேட்டால்தான் அதைப் பற்றிப் பேச்சே எழும், ஆகவே மேல்முறையீட்டின் கோரிக்கைப் பகுதியில் தொகையோடு எழுதிவிடுங்கள்.

மொத்தச் சேவையும் தள்ளாடுவது இந்தக் கடைசிப் படியில்தான். முதல் இரண்டு கட்டங்களுக்கும் நாள் குறித்த சட்டம், ஆணையத்துக்குக் கெடு எதையும் வைக்கவில்லை. ஆணையர் பதவிகள் காலியாகக் கிடப்பதைப் பற்றி அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் கண்டிப்போடு வழிகாட்டுதல்கள் தந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் முடிவு செய்யும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் கொடுத்தது. ஐந்தாண்டாக இருந்த பதவிக்காலம் விதிகளின்மூலம் மூன்றாண்டானது. அரசைக் கேள்வி கேட்க வேண்டியவரின் பதவிக்காலத்தை அந்த அரசே எழுதுகிறது என்றால், அந்தக் கேள்வியின் கூர்மையைப் பற்றிச் சந்தேகம் வருவது இயல்பு.

இந்தச் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால்: மனு அனுப்பவும் முதல் மேல்முறையீட்டுக்கும் நாலு. தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு இரண்டு. பதில் இல்லாமல் ஆணையம் வரை போக வேண்டி வந்தால் ஒன்றரைக்கு மேல் மனம் வரவில்லை. இணையமே வேண்டாம் என்பவர்களுக்கு 'கணக்கு அலுவலர்' பெயரில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. தமிழில், கையெழுத்தில், எத்தனை பக்கம் இணைப்பு வேண்டுமானாலும் வைக்கலாம். அனுப்பிய ரசீதையும் சேர்ந்த விவரப் பக்கத்தையும் பத்திரப்படுத்தினால் போதும்.

ஆணையத்தின் விசாரணைக்கு டெல்லி போகத் தேவையில்லை. மாவட்டத் தலைநகரில் உள்ள தேசிய தகவலியல் மையத்தின் காணொலி அறைக்கு வரச் சொல்வார்கள். குறைந்தது ஏழு நாள் முன்னதாக நோட்டீஸ் வரும். போகாமலும் இருக்கலாம், ஆனால் போவது நல்லது. கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மனுவின் எந்த வரிக்குப் பதில் வரவில்லை, மறுப்பில் எந்தப் பிரிவு தவறாகக் காட்டப்பட்டது, என்ன உத்தரவு வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே ஆணையத்துக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டு, அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.